இரவல் நோய்

பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும் அவரை எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். உதவி மையத்தில் வேலை கிடைத்ததும் பஸ்ஸில் கத்திக் கத்திப் பழகிய அந்தப் பெரிய தொண்டையால்தான். காது மந்தமானவர்கள் ரிசீவரை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டே அவர் சொல்வதைக் கேட்கலாம். அங்கே போன் பண்ணுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காது மந்தம்.

மையம் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் அது ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. மழைக்காலத்தில் ஜன்னலோரச் சுவர் ஊறிப்போய் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிரும். போன் மேல் உதிர்ந்ததை ஊதிவிட்டுத்தான் பேச வேண்டும். அரசாங்கக் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் வயசாளிகள் காலையிலிருந்தே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

"தம்பி, இந்தக் கார்டை வாங்கிக்கிற டாக்டர் எங்க பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்று அரசாங்கம் அச்சடித்த தடிப் புத்தகம் சொன்னது. அந்தப் புத்தகத்தில் இருந்த டாக்டர்களில் சிலர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள், சிலர் உலகத்தை விட்டே போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் கார்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் கிளினிக்கில் கூட்டம் என்பார்கள். மையத்திலிருந்து பேசுகிறோம் என்று சொல்லிக் கேட்டால் மட்டும் தேன் ஒழுகும். "தாராளமா அனுப்புங்க சார், அதுக்குத்தானே இருக்கோம்" என்பார்கள். அந்தப் பேச்சை நம்பி, முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போன கிழவியைக் கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள். கிழவி வீட்டுக்கு வந்து மறுபடி மையத்துக்குத்தான் போன் பண்ணுவாள். அவள் திட்டுவதைக் கண்டக்டர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு மையத்தை நடத்துகிற மேடம் ஒரு வழி கண்டுபிடித்தாள். மேடத்துக்குக் கண்டக்டரின் பாதி வயசுதான் இருக்கும், ஆனால் அந்த அறையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"நாம யாருன்னு சொல்லாம, நோயாளி மாதிரியே பேசிப் பாருங்க சார். அப்பதான் உண்மை வெளிய வரும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா மேடம்?"

"பொய்யில்ல சார், சோதனை. கார்டு வாங்குறாங்களா, புது ஆளைச் சேர்த்துக்கிறாங்களா, எப்ப வரச் சொல்றாங்க. கேட்டுக்கிட்டு நன்றி சொல்லி வெச்சிடுங்க. அவ்வளவுதான்."

டிக்கெட் எடுக்காதவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவருக்கு நடிப்பு வருமா என்று முதலில் தயக்கமாகத்தான் இருந்தது. முதல் அழைப்பிலேயே நெஞ்சு வலி என்று ஆரம்பித்துவிட்டார். அந்தப் பக்கத்துப் பெண் பதறிப்போய், விலாசத்தைச் சொல்லுங்கள், ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன் என்று பிடித்துக்கொண்டாள். அவளிடமிருந்து கழன்றுகொள்வதற்குள் அவருக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது. அப்புறம் இடுப்பு வலிக்கு மாறினார். ஒரே கிளினிக்குக்கு இரண்டு தரம் பேசி, முதலில் இடது பக்கம் என்றும் பிறகு வலது பக்கம் என்றும் சொல்லி மாட்டிக்கொண்டார்.

"சார், ஒரே வியாதியா வெச்சுக்குங்க" என்றாள் மேடம். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சதா இருக்கட்டும். அப்ப உளற மாட்டீங்க."

நல்லாத் தெரிந்தது என்றதும் அவருக்கு ஞாபகம் வந்தது மனைவியின் வலது கைதான். தினம் சாப்பாட்டு வேளையில் அவள் அதைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது, கையுறை போட்டுக்கொண்டு தொடுகிற மாதிரி இருக்கிறது, வேலை செய்கிற லாண்டரியில் இஸ்திரிப் பெட்டி நழுவுகிறது. வார்த்தைகள் தயாராக இருந்தன. அவள் சொன்னதை அப்படியே எடுத்துத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு கிளினிக்கிலும் அவர் மாட்டிக்கொள்ளவில்லை.

மனைவி இதை அறிந்தவளில்லை. அவர் நோயாளி வேஷம் போடுகிறார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும், அதில் அவளுக்கு ஒரே சிரிப்பு. சாயங்காலம் அவர் உள்ளே நுழைந்ததும் அடுப்படியிலிருந்தே கேட்பாள்.

"வாங்க. இன்னைக்கு என்ன வியாதி உங்களுக்கு?"

"முட்டி வலி" என்பார்.

"பாத்து, நெஜமாவே வந்துடப்போவுது."

அவள் கையை இரவல் எடுத்துக்கொண்டதை அவர் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமாக அது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். காலை முதல் மாலை வரை காதுக்குள் வியாதியைக் கொட்டிக்கொண்டிருந்தால், வீட்டுக்கு வரும்போது காது தானாக அடைத்துக்கொள்ளும். அவள் ரொட்டியை வாட்டிக்கொண்டே விரலைப் பற்றிப் பேசுவாள். அவர் ம் கொட்டுவார். மறுநாள் போனில் அதையே உயிரோட்டமாகச் சொல்வார்.

அவளும் கார்டுக்காரிதான். அவள் நம்பிப் போய்க்கொண்டிருந்த டாக்டர், கார்டு வாங்குவதில்லை என்று கண்ணாடிக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டார். அதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தவள் வேறு டாக்டரைத் தேடவில்லை.

"நான் வேணா பாக்கட்டுமா?" என்று ஒருதரம் கேட்டார்.

"பாருங்க, பாருங்க. ஊருக்கெல்லாம் பாத்துட்டு மிச்சமிருந்தா எனக்கும் பாருங்க" என்றாள்.

அது கேலியா கோபமா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில்தான் அவர் அந்த எண்ணைக் கூப்பிட்டார். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கிடந்த ஒரு நரம்பு டாக்டரின் எண் அது. பலமுறை மணி அடித்து, வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது ஒரு பெண்குரல் எடுத்தது.

"கிளினிக்குங்களாம்மா?"

"கிளினிக்தான். கவுண்டர்ல பொண்ணு சாப்பிடப் போயிருக்கா. நான் டாக்டர் பேசறேன், சொல்லுங்க."

டாக்டரே எடுப்பார் என்று கண்டக்டர் எதிர்பார்க்கவில்லை. "அரசாங்கக் கார்டு வெச்சிருக்கேன். நீங்க வாங்குவீங்களா?"

"வாங்கறேன். உடம்புக்கு என்ன?"

"வலது கை மரத்துப்போவுதுங்க. லாண்டரியில இஸ்திரி போடறேன். பெட்டி கையில நிக்க மாட்டேங்குது."

கவுண்டர் பெண்களாக இருந்தால் கை என்று எழுதிக்கொண்டு தேதி சொல்லியிருப்பார்கள். டாக்டர் விடவில்லை.

"எத்தனை நாளா?"

"வெயில் காலத்துலேர்ந்து இருக்குங்க."

"பட்டன் போட வருதா?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். கொட்டுகிற மழையில் அவள் மழைக்கோட்டைப் பட்டன் போடாமல் ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறார். அவசரத்தில் போகிறாள் என்று நினைத்திருந்தார்.

"வரலைங்க."

"நடை எப்படி? தள்ளாட்டம் உண்டா? செருப்பு கழண்டு விழுந்தா கால்ல தெரியுதா?"

இதற்கு அவரிடம் சரக்கு இல்லை. அவள் காலைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை, அவரும் பார்த்ததில்லை.

"கவனிக்கலைங்க."

"சொந்தக் காலைக் கவனிக்கலையா? நல்ல ஆளா இருக்கீங்க. இங்க பாருங்க பெரியவரே, இது சும்மா கை வலி இல்ல. கழுத்தெலும்புக்குள்ள நரம்பு நசுங்குதோன்னு பாக்கணும். தள்ளிப்போட்டா கை போறதோட நிக்காது. இன்னைக்குச் சாயங்காலமே வாங்க. லேட்டானாலும் பரவாயில்ல, இருக்கேன்."

"ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

சோதனை அழைப்பின் விதி அதுதான். கார்டு வாங்குகிறார், புது ஆளைச் சேர்க்கிறார், அக்கறையாகப் பேசுகிறார் என்று எழுதினார். அடுத்த எண்ணைச் சுழற்றினார். அது மணி அடித்துக்கொண்டே இருந்தபோது, இப்போது என்ன கேட்டோம் என்று ஒருமுறை மனசுக்குள் ஓடியது. ஓடி, நிற்காமல் போய்விட்டது.

மேடம் அதைப் படித்துவிட்டுக் கை தட்டினாள். "நரம்பு டாக்டர் சார்! எத்தனை பேரு காத்துக்கிட்டிருக்காங்க. உடனே சொல்லிவிடுங்க."

அவரும் சொல்லிவிட்டார். கை நடுங்குகிற ஒருவர், முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட ஒருவர், நடக்கும்போது பூமி சாய்கிறது என்று அழுகிற ஒரு பெரியம்மா, எல்லோருக்கும் அந்த எண்ணைக் கொடுத்தார். பெரியம்மா, நீ நல்லா இருப்பே தம்பி என்று மனசார வாழ்த்தினாள். வீட்டுக்குப் போகும் வழியில், முதலில் காத்திருக்கிறவர்கள், அப்புறம்தான் நம் வீடு என்று நினைத்துக்கொண்டார். வேலையில் இருந்த காலத்தில் பஸ்ஸில்கூட அவர் தன் மனைவிக்கு இடம் பிடித்துக் கொடுத்ததில்லை. கூட்டத்தில் நின்றுகொண்டே வருவாள், அவளிடமும் டிக்கெட் கேட்பார். அப்படிப்பட்ட மனுஷன் என்று ஊரே அவரை மெச்சியது. இதுவும் அந்த நியாயத்தில் சேர்ந்ததுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் அது நியாயமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவருக்குள் எதுவும் அசையவில்லை, அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு என்ன வியாதி?" என்று அவள் கேட்டாள்.

"முட்டி வலி."

"மாத்தவே மாட்டீங்களா? சலிச்சுப்போவுது எனக்கு."

மழை அடுத்த வாரமும் விடவில்லை. வீடுகளில் துணி காயாததால் ஊரே லாண்டரியில் வந்து குவித்தது. அவள் இருட்டின பிறகுதான் வருவாள். சட்டைகளின் ஆவி முகத்தில் அடித்து அடித்து அவள் கன்னம் வெந்த மாதிரி சிவந்திருக்கும். வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். அவரே முட்டை பொரித்து, டீ போட்டு வைப்பார். அவள் கிளாஸை இடது கையால் எடுப்பாள். அதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அன்று மாடிப்படியில் அவள் ஏறிவரும் சத்தம் ஒரு மாதிரி இருந்தது. ஒரு அடி சத்தமாக, ஒரு அடி சத்தமில்லாமல். கதவைத் திறந்தார். தலையெல்லாம் ஈரமாக, வலது கையில் ஈரத் துண்டு சுற்றிக்கொண்டு நின்றாள். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு கால் சேறும் சகதியுமாக வெறுங்காலாக இருந்தது.

"செருப்பு எங்கே?"

அவள் குனிந்து பார்த்தாள். "அட, ஒண்ணைக் காணோமே!" என்று சிரித்தாள்.

"எங்க விட்டே?"

"எனக்கென்ன தெரியும்? பஸ்ல ஏறும்போது இருந்துச்சு."

"வெறுங்கால்ல நடந்து வந்திருக்கே. கல்லு, தண்ணி, ஒண்ணும் உறைக்கலையா?"

"என்னங்க வக்கீல் மாதிரி கேக்கறீங்க? ஒரு செருப்புக்கா இந்தப் பாடு?"

அந்த வாரம் முழுக்க எங்கேயோ போயிருந்த பயம் இப்போது மொத்தமாக வந்து சேர்ந்தது. "கையில என்ன?" என்றார்.

"அது ஒண்ணுமில்ல. ஒரு வாடிக்கைக்காரர் சட்டை. இடது கையால இஸ்திரி போட்டுக்கிட்டே இருக்கேன், ஏதோ தீயற வாசனை வந்துச்சு. ஐயோ, சட்டையைத் தீச்சுட்டேன்னு பதறிப்போயிட்டேன். பெட்டியத் தூக்கிப் பாத்தா சட்டை நல்லாத்தான் இருக்கு." அவள் துண்டை அவிழ்த்தாள். "என் கைதான்."

புறங்கையில் சுண்டுவிரல் பக்கமாகத் தோல் வெளுத்துச் சுருண்டிருந்தது. அவர் அதைத் தொட்டார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"வலிக்கலையா?"

"வலிச்சாத் தேவலையே. முதலாளிகூட அதான் கேட்டாரு. நான் சட்டை தப்பிச்சுதேன்னு பாத்தேன்."

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

"எந்த டாக்டர்?"

"ஒருத்தர் இருக்காங்க. கார்டு வாங்குறாங்க."

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"இப்பத்தான்" என்றார். மருந்தைத் தேடுகிற சாக்கில் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

காலையில் அவர் தன் சொந்தக் குரலில் அந்த எண்ணுக்குப் போன் பண்ணினார். இந்தமுறை கவுண்டர் பெண் எடுத்தாள்.

"கார்டுக்காரங்களுக்கு இந்த மாசம் இடமில்லைங்க. அடுத்த மாசம் கூப்பிடுங்க."

"போன வாரம் இருந்துச்சேம்மா!"

"இருந்துச்சு. யாரோ உதவி மையமாம், ஒரேயடியா ஆளுங்களை அனுப்பி நிரப்பிட்டாங்க. நான் என்னங்க பண்ண?"

யாரோ உதவி மையம் என்பது அவர்தான். அதை அவளிடம் சொல்வதில் லாபம் இல்லை. மனைவியைத் தயார் பண்ணி, மழைக்கோட்டின் பட்டன்களைத் தானே போட்டுவிட்டு, தன் பழைய செருப்பை அவள் காலில் மாட்டி, வாரைத் துணி கிழித்துக் கட்டி, நேரே கூட்டிக்கொண்டு போனார். படியில் இறங்கும்போது முதல்முறையாக அவள் நடையைக் கவனித்தார். இடது பாதம் படியைத் தேடித் தேடித்தான் கீழே இறங்கியது.

காத்திருக்கும் அறையில் ஈரக் குடைகளின் வாடையும் தரை துடைத்த மருந்து வாடையும் கலந்து கிடந்தது. பெஞ்சு முழுக்க வயசாளிகள். மூலையில் ஒரு பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம் பூமி சாய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண்டக்டருக்கு அந்தக் குரல் தெரிந்தது. தன் குரலும் அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று வாயை இறுக மூடிக்கொண்டார்.

"என்னங்க பேச்சே காணோம்?" என்றாள் மனைவி.

"ம்."

"என்ன ம்? நான் என்னமோ சாகப்போற மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு. லாண்டரியில மூட்டை மூட்டையாக் கெடக்கு. அரை நாள்ல விட்டுடுவாங்கல்ல?"

ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். மதியம் தாண்டி, பெஞ்சு காலியாகி, கவுண்டர் பெண் கண்ணாடியை இழுத்துச் சாத்தப் போகும்போது டாக்டரே வெளியே எட்டிப் பார்த்தார். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிக்கொண்ட, குள்ளமான பெண். "இவங்க யாரு?" என்றார். இடமில்லை என்று சொல்லியும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள் கவுண்டர் பெண். டாக்டர் மனைவியின் கைக்கட்டைப் பார்த்தார், காலில் கட்டியிருந்த ஆம்பிளைச் செருப்பைப் பார்த்தார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"எப்படிச் சுட்டுது?"

"லாண்டரியில இஸ்திரி போடறேங்க. பெட்டி பட்டுருக்கு, எனக்கு உணரலை."

"கை எப்பலேர்ந்து இப்படி?"

"வெயில் காலத்துலேர்ந்து."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "வேடிக்கையைப் பாருங்க. போன வாரம் ஒரு பெரியவர் போன் பண்ணாரு. அவரும் லாண்டரிதான், அதே கை, அதே வெயில் காலம். அன்னைக்கே வாங்கன்னு சொன்னேன். இருட்டற வரைக்கும் கடையைச் சாத்தாம உக்காந்திருந்தேன். ஆளே வரல. பேரு கேக்காம விட்டுட்டோமேன்னு மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கு. உங்க லாண்டரியா? உங்களுக்குத் தெரியுமா அவரை?"

மனைவி மெதுவாகத் திரும்பிக் கண்டக்டரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தலையைக் குனிந்திருப்பார். அவளோ, கூட்டத்தில் தெரிந்தவன் மாதிரி இருக்கிற ஒருத்தன் முகத்தை இவன்தானா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அவரு வந்துட்டாருங்க" என்று டாக்டரிடம் சொன்னாள். "இதோ உக்காந்திருக்காரு."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. கண்டக்டர் திக்கித் திணறி மையத்தையும் சோதனை அழைப்பையும் சொன்னார். அவ்வளவு பெரிய தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னச் சத்தம் வந்து யாரும் கேட்டிருக்க முடியாது.

"அப்ப நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?" என்றார் டாக்டர்.

"கேட்டுச்சுங்க."

"அன்னைக்கு ஏன் கூட்டிட்டு வரல?"

அவர் பதில் தேடினார். காத்திருந்தவர்கள், நியாயம், வரிசை என்று சொல்லப் பார்த்தார்.

"என் கையைப் பத்தி ஊரு முழுக்கச் சொல்லியிருக்காரு டாக்டர்" என்றாள் மனைவி. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "வீட்டுல நான் சொன்னா ம்னு கேப்பாரு. கேக்கறாரேன்னு நானும் தெனம் சொல்லுவேன்."

டாக்டர் நாற்காலியை இழுத்து மனைவிக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உள்ளதைச் சொல்லிடறேம்மா. படம் எடுக்கணும், அனேகமா கழுத்துல ஆபரேஷன் பண்ணணும். கார்டுலயே பண்ணலாம், நான் எழுதித் தரேன். ஆனா போன உணர்ச்சி திரும்பி வரும்னு சொல்ல மாட்டேன். இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம். எது வரைக்கும் போயிருக்குன்னு இப்பப் பாத்துடுவோம்."

"இஸ்திரி போட முடியுமா?"

"அதுவும் இதைப் பாத்தாத்தான் தெரியும்."

மேஜையிலிருந்து ஒரு சின்ன ஊசியை எடுத்தார். அவள் வலது கையைத் திருப்பி, உள்ளங்கை மேலே தெரிய ஒரு சின்னத் தலையணை மேல் வைத்தார்.

"கண்ணை மூடிக்குங்க. விரல் நுனியிலேர்ந்து மேல வரேன். எங்க குத்தற மாதிரி இருக்கோ, அங்க ஆமான்னு சொல்லுங்க. அவசரமில்ல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் ஆள்காட்டி விரல் நுனியில் ஊசியை வைத்தார். தோல் குழிந்தது. அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுத்த விரலில் வைத்தார், அதற்கடுத்த விரலில் வைத்தார். கண்டக்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு குத்தலுக்கும் அவர் உதடு திறந்து திறந்து மூடியது. ஊசி உள்ளங்கைக்கு நடுவில் இறங்கியபோது ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

"ஆமா" என்றார் கண்டக்டர்.

டாக்டர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "நீங்க பேசாதீங்க. அவங்க சொல்லட்டும்."

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மனைவி கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர் கேட்டதற்குப் பதில் சொல்லக் காத்திருக்கிறவள்போல முகத்தைச் சற்று உயர்த்தி, மூச்சை அடக்கி, கவனமாக உட்கார்ந்திருந்தாள். ஊசி உள்ளங்கையைக் கடந்தது. மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்றாள்.